தோல் பொருளில் பட்ட ரத்தம், பால், தயிர்: கறை எடுக்கும் முறை

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் பையைத் திறந்தால், டிபன் பாக்ஸ் மூடி விலகி, தயிர் சாதத்தின் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. அப்பா பல வருஷம் தோளில் மாட்டி, பிறகு என்னிடம் கொடுத்த பை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோல், மேலே பூச்சு எதுவும் கிடையாது. காபி மெஷினில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து, டிஷ்யூவை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த இடம் கறுத்துச் சுருங்கியது. மறுநாள் காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தால் அட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. தயிர் வாடை மட்டும் போகவே இல்லை. தயிர் செய்திருக்கக்கூடிய சேதத்தைவிட வெந்நீர் செய்த சேதம் பெரிது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். முதல் முறையாகத் தோல் சோபாவிலோ, கார் சீட்டிலோ, பையிலோ இப்படி ஒரு கறையைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். கறை இப்போதுதான் பட்டது என்றால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து அதன்மேல் வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஈரம் துணியில் ஏறுவது நின்றதும் வந்து மீதியைப் படியுங்கள்.

துணி வைத்தியம் தோலுக்கு ஏன் ஆகாது

துணியில் பட்ட ரத்தத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைவைத்தியம் இருக்கும். அவற்றில் முக்கால்வாசி தோலைக் கெடுத்துவிடும். ரத்தம், பால், தயிர், முட்டை, வாந்தி, கறிச்சாறு ஆகிய எல்லாவற்றிலும் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு நிற்பது புரதம். தோலும் புரதம்தான். கொலாஜன் என்கிற நார்ப்புரதத்தைப் பதனிட்டு அழுகாமல் செய்ததுதான் நம் கையில் இருக்கும் தோல். பருத்தித் துணி புரதம் அல்ல. அதனால் புரதத்தைத் தாக்கும் மருந்தைத் துணியில் போட்டால் கறை போகும், துணி நிற்கும். தோலில் போட்டால் அந்த மருந்துக்குக் கறை எது, தோல் எது என்று தெரியாது.

முற்றின ஆட்டுக்கறி வேகாமல் அடம்பிடித்தால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவோம் இல்லையா? பப்பாளியில் இருக்கும் நொதி கறியின் புரதத்தை அறுத்து மெதுவாக்குகிறது. கறை நீக்கும் சலவைத்தூள்கள் பலவற்றில் இருப்பதும் அதே வேலையைச் செய்யும் நொதிதான். பதனிட்ட கொலாஜன் இதை ஓரளவு தாங்கும். ஆனால் பளபளவென்று மெருகேற்றிய சில தோல்களின் மேல்பூச்சு, பால்புரதமான கேசீனால் ஆனது. அதற்குத் தாங்கும் சக்தி இல்லை. கறையோடு பளபளப்பும் சேர்ந்து போய்விடும்.

காரமும் அப்படித்தான். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பச்சைத் தோலின் முடியைக் கழற்றச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். காரம் முடியை இளக்கிக் கழற்றும், தோலின் நாரை உப்பவைக்கும். பிறகு அந்தக் காரத்தையெல்லாம் நீக்கிப் பதனிட்டு முடிக்கும்போது தோல் லேசான அமிலத் தன்மைக்கு வந்திருக்கும், அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் பெரும்பாலும் 4-ஐ ஒட்டி. அதன்மேல் துணி சோப்பையோ சமையல் சோடாக் கரைசலையோ பூசினால், அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய காரத்தை நாமே திரும்ப உள்ளே அனுப்புகிறோம்.

அடுத்தது சூடு. ரத்தப் பொரியல் செய்து பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். சட்டியில் தண்ணீராக ஊற்றிய ரத்தம் சூடேறியதும் கட்டியாகிவிடும். முட்டை வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இறுகத் தொடங்கும். கறையின்மேல் வெந்நீர் ஊற்றுவது தோலின் துளைகளுக்குள்ளேயே அதைச் சமைப்பதற்குச் சமம். தோலுக்கும் ஆபத்து உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரிக்குள் சுருங்க ஆரம்பிக்கும். என் பைக்கு நடந்தது அதுதான். சுருங்கிய தோல் பழைய நிலைக்குத் திரும்பாது. பட்டைக்குப் பதில் குரோமிய உப்புப் போட்டுப் பதனிட்ட தோல் இதைவிட நன்றாகச் சூடு தாங்கும். கறை இறுகிப்போவது அதிலும் நடக்கும்.

ஆகவே குளிர்ந்த நீரில் கறையை இளக்கி, அது ஒரு துணிக்குள் ஏறும்படி செய்து, பொறுமையாகத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் வழி. அரை மணி நேரம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

உங்களிடம் இருப்பது எந்தத் தோல்?

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். கிழிந்த ஓரத்திலோ தையலுக்கு அடியிலோ நூல் பின்னிய துணி தெரிந்தால் அது ரெக்சின், அதாவது செயற்கைத் தோல். ரெக்சினுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. குளிர்ந்த சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

தோல்தான் என்றால், வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சோபாவில் குஷனுக்கு அடிப்பக்கம், பையில் மடிப்பின் உள்பக்கம். சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது. வீட்டு சோபாக்களும் கார் சீட்டுகளும் பெரும்பாலும் இந்த வகை, கறை எடுக்கவும் எளிது. சில நொடிகளில் சொட்டு உள்ளே இறங்கி இடம் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். பட்டையில் பதனிட்ட பைகள், பெல்ட்டுகள், கோலாப்பூரிச் செருப்பு எல்லாம் இந்தக் கணக்கு. இதில் பாதி ஈரத்தில் இரண்டு மடங்கு நேரம் வேலை செய்ய வேண்டும். தடவினால் பூனை முதுகு மாதிரி ரோமமாக இருப்பது ஸ்வேட். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பலமுறை துவைத்து மெதுவான பழைய வெள்ளை வேட்டித் துணியை நான்கைந்து துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இது நன்றாக ஈரம் இழுக்கும். வெள்ளையாக இருப்பது அவசியம். கறை ஏறுகிறதா, தோலின் சாயம் ஏறுகிறதா என்று அதில்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். போர்வெல் உப்புத் தண்ணீர் காய்ந்தால் தோலில் வெள்ளைக் கோடு விழும். கறை போய்க் கோடு நின்றால் என்ன பிரயோஜனம்? ஆர்ஓ தண்ணீர் போதும். கோடையில் குழாய்த் தண்ணீரே சூடாக வரும் ஊர்க்காரர்கள் பானைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கான ஷாம்பு கொஞ்சம், பழைய ஏடிஎம் கார்டு அல்லது பிளாஸ்டிக் ஸ்பூன், காது குடையும் பஞ்சுக் குச்சி, வாசனையில்லாத டால்கம் பவுடர், வேலை முடிந்த பிறகு பூச லெதர் கண்டிஷனர். இவ்வளவுதான்.

கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். கீறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பட்டையில் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது. ஈரத் தோலில் இரும்புத் துகள் பட்டால் இரண்டும் சேர்ந்து நீலம் கலந்த கருப்பாக மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சியது இதே வினையை நம்பித்தான். அந்த மை எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்குப் பழைய கணக்கு நோட்டுகளே சாட்சி.

செய்முறை

1. கட்டியாக மேலே நிற்பதை ஏடிஎம் கார்டின் விளிம்பால், கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் கறை பெரிதாகும்.

2. காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அழுக்கான பக்கத்தாலேயே ஒற்றினால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

3. இன்னொரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, இனி சொட்டாது என்கிற அளவுக்குப் பிழியுங்கள். கறைமேல் அரை நிமிஷம் வைத்து எடுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஈரம், காய்ந்தது, ஈரம், காய்ந்தது என்று மாறி மாறிச் செய்யுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை இதுவே வேலை. புதிய கறையில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். பலரும் அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டுகிறார்கள். இருபது முறை செய்யத் தயாராக இருங்கள்.

4. மிச்சம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று நான்கு சொட்டு ஷாம்பு விட்டுக் கையால் அடித்து நுரை எழுப்புங்கள். கீழே இருக்கும் தண்ணீர் வேண்டாம், நுரை மட்டும் போதும். முதலில் அதே மறைவான இடத்தில் தடவி, பத்து நிமிஷம் விட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் இதோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் நுரையைத் துணியில் எடுத்து, சின்ன வட்டமாக, அழுத்தாமல் கறைமேல் ஓட்டுங்கள். தையல் மடிப்பில் இருப்பதற்குப் பஞ்சுக் குச்சி.

5. வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நுரையை முழுக்கத் துடைத்தெடுங்கள். இரண்டு மூன்று முறை. தங்கிப்போன ஷாம்பு அடுத்த வாரம் தூசியை இழுத்துப் புதுக் கறையாக வந்து நிற்கும்.

6. பூச்சில்லாத தோலாக இருந்தால், கறை இருந்த இடத்தோடு நிற்காமல் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தப் பகுதி முழுவதையும் அதே ஈரத் துணியால் லேசாக ஒரே சீராகத் துடையுங்கள். இல்லாவிட்டால் காயும்போது ஈரம் நின்ற எல்லையில் வளையம் விழும். கறை போனபின் தெரியும் "கறை" பெரும்பாலும் இந்த வளையம்தான்.

ரத்தம்

பொதுமுறையே போதும், ஆனால் நேரம் முக்கியம். வெளியே வந்த ரத்தம் சில நிமிஷங்களிலேயே உறைய ஆரம்பிக்கும். குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வழிந்து சோபாவில் சொட்டினால், முதலில் குழந்தையைப் பாருங்கள். அதே சமயம் வீட்டில் இன்னொருவரைக் கறையில் துணி வைக்கச் சொல்லுங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் கை சானிடைசர் இருக்கிறது. ரத்தம் என்றதும் கிருமி பயத்தில் அதை எடுத்து ஊற்றுகிறார்கள். அதில் இருக்கும் ஆல்கஹால், வெந்நீர் செய்வதையே சூடில்லாமல் செய்கிறது. புரதத்தை இறுகவைத்துத் தோலில் ஒட்டவைத்துவிடும். கூடவே நிறப்பூச்சையும் கரைக்கும். ஸ்பிரிட்டும் அப்படித்தான்.

கிருமி பயம் நியாயமானதுதான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் வேறொருவரின் ரத்தம் என்றால் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். துடைத்த துணிகளைத் துவைத்து வைக்காமல் உறையில் கட்டித் தூக்கிப்போடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ரத்தத்தில் பட்டதும் பொங்கி நுரைக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். அது வெளுக்கும் மருந்து, சாயத்தையும் சேர்த்து வெளுக்கும். நிறமுள்ள தோலில் தொடவே வேண்டாம். வெள்ளை நிறப்பூச்சுப் போட்ட சோபாவில் வேறு எதுவும் பலிக்காதபோது, மெடிக்கலில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறைமேல் மட்டும் வைத்து, ஒரு நிமிஷத்தில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதுவும் மறைவிடத்தில் பரிசோதித்த பிறகு.

துணிக்குச் செய்வதுபோல உப்புத் தண்ணீர் வேண்டாம். உப்பு தோலுக்குள் தங்கி, பிறகு வெள்ளையாகப் பூத்து மேலே வரும்.

பால், தயிர், ஐஸ்க்ரீம்

இவற்றில் புரதத்தோடு கொழுப்பும் இருக்கிறது. தண்ணீர் புரதத்தை எடுக்கும், கொழுப்பு உள்ளே தங்கும். அதனால் பொதுமுறையை முடித்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மெதுவான துணியால் தட்டிவிடுங்கள். நிழல் மாதிரி எண்ணெய்த் தடம் இன்னும் தெரிந்தால் மறுபடி தூவலாம். ஈரத்தோடு தூவினால் பவுடர் களியாகித் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

பால் கொட்டிய இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள். பன்னீருக்குப் பால் திரிப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். அதே வேலை தோலின் துளைக்குள் நடக்கும். முதலில் பால் முழுக்க வெளியே வர வேண்டும்.

பைக்குள் கொட்டியதென்றால் உள்துணியை வெளியே இழுத்துத் தனியாகக் கழுவுங்கள். தோலில் தண்ணீர் படாமல் அதற்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். வாடை தங்குவது பெரும்பாலும் தோலில் இல்லை, இந்த உள்துணியிலும் அதன் தையலிலும்தான். காய்ந்த பிறகும் வாடை இருந்தால், ஒரு சின்னக் கிண்ணத்தில் சமையல் சோடாவைப் போட்டுப் பைக்குள் நிமிர்த்தி வைத்து இரண்டு நாள் மூடிவையுங்கள். சோடா தோலில் படக் கூடாது. வாடையை அது காற்று வழியாகவே வாங்கிக்கொள்ளும்.

வாந்தி

மலைப்பாதையில் காரில் போகிறவர்கள் பலருக்கும் இது வரும். இந்தப் பட்டியலிலேயே தோலுக்கு மிகவும் கெடுதல் இதுதான். வயிற்று அமிலம் ஒரு பக்கம். பெப்சின் என்கிற நொதி இன்னொரு பக்கம். புரதத்தைச் செரிப்பதற்காகவே உடம்பு சுரப்பது அது, அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அடுத்த டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள்.

வழித்தெடுத்த பிறகு, மூன்றாவது படியில் சொன்ன ஈரத்துணி ஒற்றலை இங்கே தாராளமாக, குறைந்தது பத்து முறையாவது செய்யுங்கள். அமிலமும் நொதியும் நீர்த்துப்போவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. சீட்டில் காற்றுப் போகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஓட்டை வழியாக எல்லாம் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டால் சீட் உறையைக் கழற்றாமல் வாடை போகாது. நன்கு பிழிந்த துணியும் பஞ்சுக் குச்சியும்தான்.

வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நேர்வெயில் படும் சீட் இன்னும் சுடும். கறையோடு அப்படி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது அது காய்ந்து இறுகியிருக்கும். நிழலில் நிறுத்தி, முடிந்தால் கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

முட்டை, வியர்வை

முட்டையில் வெள்ளைக்கரு குளிர்ந்த தண்ணீரிலேயே வந்துவிடும். மஞ்சள் கருவில் கொழுப்பு உண்டு, பாலுக்குச் சொன்னதே இதற்கும்.

வியர்வையில் புரதம் கொஞ்சம்தான், உப்பும் உடம்பின் எண்ணெயும்தான் அதிகம். வாட்ச் ஸ்ட்ராப்பின் உள்பக்கம் கறுத்து நாறுவது இவற்றாலும் இவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாவாலும். வெயில் மாதங்களில் தினமும் கழற்றியதும் ஈரத்துணியால் ஒரு துடை, பிறகு ராத்திரி முழுக்கக் காற்றாட வையுங்கள். கறுத்துப்போன பிறகு முழுதாக வெளுக்காது.

காய்ந்துபோன பழைய கறை

சுரண்டாதீர்கள். நனைத்துப் பிழிந்த துணியை மடித்துக் கறைமேல் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். பூச்சில்லாத தோலுக்கு மூன்று நிமிஷம் போதும். புரதம் தண்ணீரைக் குடித்து உப்பி இளகும். எடுத்ததும் ஷாம்பு நுரை, ஒற்றல், காயவிடல். மறுநாள் மறுபடி. ஒரே நாளில் ஐந்து சுற்று போவதைவிட ஐந்து நாள் ஒவ்வொரு சுற்று போவது தோலுக்கு நல்லது. மூன்று சுற்றுக்குப் பிறகும் துணியில் எதுவும் ஏறவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது கறை இல்லை, நிறம் மாறிய தோல். அதற்கு மேல் தேய்த்துப் பலனில்லை. நிறம் ஏற்றித் தருகிற தோல் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

ஸ்வேட்

ஈரம் காயும்வரை ஒற்றி, முழுக்க உலரவிட்டு, பிறகு மெதுவான டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் துலக்குங்கள். மேலே பொருக்குத் தட்டிய ரத்தமும் பாலும் பொடியாக உதிரும். மிஞ்சியதைச் சுத்தமான வெள்ளை ரப்பரால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிப்பார்களே அதனால், லேசாகத் தேய்க்கலாம். நுரை, கண்டிஷனர், எண்ணெய் எதுவும் கூடாது.

காயவைப்பதும் பிறகும்

நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரு முழு நாள். வெயில், ஹேர் ட்ரையர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கூடாது. பைகளுக்குள் பழைய துணியைச் சுருட்டித் திணித்தால் வடிவம் மாறாது. செய்தித்தாள் மை ஒட்டும்.

காய்ந்த தோலைத் தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். தண்ணீரோடு தோலின் எண்ணெய்ப்பசையும் கொஞ்சம் போயிருப்பதால் அப்படி. கடலை அளவு கண்டிஷனரைத் துணியில் எடுத்து அந்தப் பகுதி முழுக்கப் பரவலாகத் தடவி, அரை மணி கழித்து மீந்ததைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பூச்சில்லாத தோலில் அது ஊறி நிறத்தைக் கறுப்பாக்கும், பூச்சுள்ள தோலில் உள்ளே போகாமல் மேலேயே பிசுபிசுக்கும். இரண்டுக்கும் வேண்டாம்.

கறை நன்றாகப் போய்விட்டது என்று தோன்றினாலும், அந்தப் பொருளை ஒரு வாரம் திறந்த இடத்தில் வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய பாலும் ரத்தமும் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. ஐப்பசி கார்த்திகை மழையில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் பத்து நாளில் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்திருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து எல்லா இடமும் பரவும். மாடிக்குக் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை அங்கேயே உறையில் கட்டி எறிந்துவிட்டு வாருங்கள்.